விதி பிறந்த ராத்திரிகள்: ஐஸ் ஹாக்கி தெரியாதவர்களுக்கு ஓர் அறிமுகம்

தெருவில் கிரிக்கெட் ஆடிய எல்லோருக்கும் இது தெரியும். எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி ஒருநாள் உடையும். மறுநாளிலிருந்து 'அந்த வீட்டுக்குள்ள அடிச்சா அவுட்' என்று ஒரு விதி வந்துவிடும். பத்து வருஷம் கழித்து அந்த வீட்டையே இடித்துக் கட்டியிருப்பார்கள். ஆனாலும் புதிதாக ஆட வரும் பையனிடம் முதலில் சொல்வது அந்த விதியைத்தான். ஏன் அப்படி என்று அவன் கேட்க மாட்டான்.

ஐஸ் ஹாக்கியும் கிட்டத்தட்ட அப்படித்தான் வளர்ந்தது. ஆனால் நம்மிடையே அதைப் பற்றி இருக்கும் எண்ணமே வேறு. 'பனி மேல சறுக்கிக்கிட்டே அடிச்சுக்குவாங்க, அதுல விதியெல்லாம் ஒண்ணும் கிடையாது' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். 'ஐஸ் ஹாக்கி வரலாற்றின் மறக்க முடியாத பத்துத் தருணங்கள்' வகை வீடியோக்கள் இந்த எண்ணத்தை மாற்றுவதில்லை. எவரோ அடிக்கிறார், சிவப்பு விளக்கு எரிகிறது, கூட்டம் கத்துகிறது. எதற்காக அந்தக் கூச்சல் என்பது மட்டும் விளங்காது.

விளங்காததற்குக் காரணம், அந்தத் தருணங்களில் பலவும் ஒரு விதியோடு ஒட்டிப் பிறந்தவை. யாரோ ஒருவர் விதியில் ஓட்டை கண்டுபிடித்திருப்பார், அல்லது ஓர் அணி எல்லை மீறிக் கெட்டிக்காரத்தனம் காட்டியிருக்கும். அதை அடைக்கப் புது விதி வந்திருக்கும். அந்த ராத்திரியைத் தெரிந்துகொண்டால் விதி தானாகப் புரிந்துவிடும். இந்தக் கட்டுரை அந்த வழியில் போகிறது.

முதலில், எந்த ஹாக்கி?

நமக்கு ஹாக்கி என்றால் புல்தரையும் வளைந்த மட்டையும்தான். கனடாவில் வெறுமனே 'ஹாக்கி' என்றால் அது ஐஸ் ஹாக்கி. நம்முடையதைச் சொல்ல வேண்டுமானால் அங்கே 'ஃபீல்ட் ஹாக்கி' என்று அடைமொழி சேர்க்க வேண்டும்.

ஆடுகளத்தைக் கற்பனை செய்ய ஒரு கேரம் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் சட்டம் போட்டது. காய் வெளியே போகாது, சட்டத்தில் பட்டுத் திரும்பும். ஐஸ் ஹாக்கி அரங்கமும் அதே போலத்தான். 200 அடி நீளம், 85 அடி அகலம், மூலைகள் வளைந்திருக்கும், சுற்றிலும் இடுப்பளவுச் சுவர், அதன் மேல் கண்ணாடி. பந்துக்குப் பதிலாக 'பக்' என்ற கறுப்பு ரப்பர் வட்டு: 3 அங்குல விட்டம், 1 அங்குலத் தடிமன், எடை 170 கிராமுக்குள். ஆட்டத்துக்கு முன் அதை உறைபெட்டியில் வைத்து உறைய விடுவார்கள். ரப்பர் சூடாக இருந்தால் துள்ளும். உறைந்திருந்தால் கேரம் காய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும்.

ஒரு நேரத்தில் ஓர் அணிக்கு ஐந்து ஆட்டக்காரர்களும் ஒரு கோல்கீப்பரும் பனியில் இருப்பார்கள். இருபது நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆட்களை மாற்றலாம். ஒருவர் முக்கால் நிமிடம் போல வெறித்தனமாக ஆடிவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வார். முதன்முறை பார்ப்பவர் தலை சுற்றிப்போவது இந்த இடத்தில்தான்.

உலகின் முதன்மையான தொழில்முறை லீக் என்.எச்.எல். எனப்படும் தேசிய ஹாக்கி லீக். 1917 நவம்பர் 26 அன்று மாண்ட்ரியலில் வின்ட்சர் ஹோட்டலில் தொடங்கியது. அந்த டிசம்பரில் களமிறங்கியவை நான்கு அணிகள். அவற்றில் ஒன்றான மாண்ட்ரியல் வாண்டரர்ஸின் அரங்கம் 1918 ஜனவரி தொடக்கத்திலேயே தீயில் எரிந்துபோக, அந்த அணியும் விலகிவிட்டது. மூன்று அணிகளோடு தள்ளாடித் தப்பித்த லீக் இது. வெற்றிபெறும் அணிக்குக் கிடைக்கும் ஸ்டான்லி கோப்பை லீக்கை விட மூத்தது. கனடாவின் தலைமை ஆளுநராக இருந்த ஸ்டான்லி பிரபு 1892இல் அளித்தது.

இங்கேயே ஒரு தவறான நம்பிக்கையையும் தீர்த்துவிடலாம். 'ஒரிஜினல் சிக்ஸ்' என்று ஆறு அணிகளைச் சொல்வார்கள். பெயரைக் கேட்டால் இந்த ஆறும் சேர்ந்து லீக்கைத் தொடங்கியது போலத் தோன்றும். 1917இல் இருந்தவை அவற்றில் மாண்ட்ரியலும் டொராண்டோவும் மட்டுமே. பாஸ்டன் 1924இல் வந்தது. நியூயார்க் ரேஞ்சர்ஸ், சிகாகோ, டெட்ராய்ட் மூன்றும் 1926இல். நடுவில் வந்த மற்ற அணிகள் எல்லாம் காணாமல்போய், 1942 முதல் 1967 வரை மிஞ்சியிருந்தவை இந்த ஆறு. 'எஞ்சிய ஆறு' என்று பெயர் வைத்திருந்தால் சரியாக இருந்திருக்கும்.

விழுந்தால் அபராதம்

லீக் தொடங்கியபோது ஒரு வேடிக்கையான விதி இருந்தது: கோல்கீப்பர் நின்றுகொண்டுதான் பக்கைத் தடுக்க வேண்டும், வேண்டுமென்றே கீழே விழக் கூடாது. ஒட்டாவா அணியின் கோல்கீப்பர் கிளின்ட் பெனடிக்ட் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். 'தவறி' விழுந்தார். மறுபடியும் தவறி விழுந்தார். பக் வரும்போதெல்லாம் அவருக்குக் கால் இடறியது. முழங்காலிட்டபடியே இருந்ததால் ரசிகர்கள் அவரைப் பிரார்த்தனை செய்யும் பென்னி என்று கிண்டல் செய்தார்கள்.

எது தவறி விழுவது, எது தானாக விழுவது என்று எந்த நடுவரால் சொல்ல முடியும்? 1918 ஜனவரியிலேயே லீக் கைவிட்டுவிட்டது: கோல்கீப்பர் எப்படி வேண்டுமானாலும் விழுந்துகொள்ளட்டும். இன்று முழங்கால்களை மடக்கி, கால்களை இரண்டு பக்கமும் விரித்துப் பனியோடு பனியாகக் கிடந்து தடுக்கும் கோல்கீப்பர்கள் எல்லோரும் பென்னியின் வாரிசுகள்தான்.

நீலக்கோடு எதற்கு?

அரங்கத்தின் குறுக்கே இரண்டு நீலக்கோடுகள் இருக்கும். அவை களத்தை மூன்றாகப் பிரிக்கின்றன: நம் பகுதி, நடுப்பகுதி, எதிரணிப் பகுதி. விதி சின்னது. எதிரணிப் பகுதிக்குள் முதலில் பக் நுழைய வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆள். பக்குக்கு முன்னால் இரண்டு காலையும் கோட்டுக்கு அப்பால் வைத்துவிட்டால் 'ஆஃப்சைடு', ஆட்டம் நிற்கும். கல்யாண வீட்டில் பெரியவர் உட்காரும் முன்னால் நாம் பந்தியில் இடம் பிடிக்கக் கூடாதல்லவா, அந்த மாதிரி. இங்கே பெரியவர் பக்.

இந்த விதி வந்த கதை 1929க்குப் போகிறது. அதற்கு முன் எதிரணிப் பகுதிக்குள் முன்னோக்கிப் பாஸ் கொடுக்கவே கூடாது. ரக்பி போல, உள்ளே போய்விட்டால் பக்கவாட்டிலோ பின்னாலோதான் தள்ள வேண்டும். இதனால் கோல் போடுவது பெரும்பாடாக இருந்தது. எந்த அளவுக்கு என்றால், 1928-29 பருவத்தில் மாண்ட்ரியல் கனேடியன்ஸ் கோல்கீப்பர் ஜார்ஜ் ஹெய்ன்ஸ்வொர்த் 44 ஆட்டங்கள் ஆடினார். அதில் 22இல் ஒரு கோல்கூட விடவில்லை. சரிபாதி! இந்தச் சாதனையை இன்றுவரை எவரும் நெருங்கவில்லை. ஹெய்ன்ஸ்வொர்த் நல்ல ஆட்டக்காரர்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் பாதிச் சாதனை அந்த விதிக்குச் சொந்தம்.

காசு கொடுத்து வருபவர்கள் எத்தனை நாள்தான் பூஜ்யத்தையே பார்ப்பார்கள்? அடுத்த பருவத்தில் எல்லாப் பகுதியிலும் முன்னோக்கிப் பாஸ் கொடுக்கலாம் என்று லீக் கதவைத் திறந்துவிட்டது. உடனே ஆட்டக்காரர்கள் செய்த வேலை, நேராகப் போய் எதிரணிக் கோல்கீப்பரின் மூக்குக்கு எதிரில் நின்றுகொண்டார்கள். பக் எங்கிருந்தாவது வரும், வந்ததும் உள்ளே தட்டிவிடலாம். பஸ் ஸ்டாண்டில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதை. கோல்கள் கொட்டின. மறுபடியும் லீக் கூடி, 1929 டிசம்பரில், பருவம் பாதி நடந்துகொண்டிருக்கும்போதே, பக்குக்கு முன்னால் ஆள் நுழையக் கூடாது என்று நீலக்கோட்டில் காவல் போட்டது. அப்படியும் அந்தப் பருவத்தின் கோல் எண்ணிக்கை முந்தைய பருவத்தைவிட இருமடங்கு ஆனது. பாஸ்டனின் கூனி வெய்லன்ட் 44 ஆட்டங்களில் 43 கோல் போட்டார்.

இன்று நாம் பார்க்கும் ஐஸ் ஹாக்கியின் அழகில் பெரும் பங்கு அந்த டிசம்பர் விதியால் வந்தது என்பது என் எண்ணம். கோட்டருகே வேகத்தைக் குறைத்து, ஒரு காலை நீலத்தின் மேல் இழுத்துப் பிடித்தபடி, பக் கடக்கும் நொடிக்காக ஓர் ஆட்டக்காரர் காத்திருப்பதைக் கவனித்துப் பாருங்கள். கோல் போடுவதைவிட அதுதான் கஷ்டம்.

ஐசிங்: ஒரு ராத்திரியில் 87 முறை

சாயங்காலம் கால்பந்து ஆடும்போது, ஒரு கோல் முன்னிலையில் இருக்கும் அணி என்ன செய்யும்? பந்தை ஓங்கி உதைத்துக் கருவேலங்காட்டுக்குள் தள்ளும். முள்ளுக்குள் போய் எடுத்து வருவதற்குள் இருட்டிவிடும், ஆட்டம் முடிந்தது.

1931 நவம்பரில் நியூயார்க் அமெரிக்கன்ஸ் அணி பாஸ்டனில் இதைத்தான் செய்தது. 3-2 என முன்னிலை. அதைக் காப்பாற்றிக்கொள்ள, பக் கையில் கிடைத்தபோதெல்லாம் களத்தின் மறுகோடிக்கு அடித்துத் தள்ளினார்கள். ஐம்பது முறைக்கு மேல். பாஸ்டன் ரசிகர்கள் பொறுமை இழந்து குப்பையைப் பனியில் வீச, நடுவர் இரு அணிகளையும் உள்ளே அனுப்பிவிட்டுச் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. திரும்பி வந்தவர்கள் விட்ட இடத்திலிருந்து அதே வேலையைத் தொடர்ந்தார்கள். வென்றும் போனார்கள்.

பாஸ்டன் உரிமையாளர் சார்லஸ் ஆடம்ஸ் லீக் தலைவரிடம் முறையிட்டார். பலன் இல்லை. அடுத்து அவர் அணி எடுத்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. டிசம்பரில் அதே அமெரிக்கன்ஸோடு மீண்டும் மோதியபோது, பாஸ்டன் 87 முறை பக்கை மறுகோடிக்குத் தள்ளியது. ஆட்டம் 0-0. பார்க்க வந்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஆனால் வாதத்தை இதைவிடத் தெளிவாக வைக்க முடியாது.

அப்படியும் லீக் ஆறு வருஷம் எடுத்துக்கொண்டது. 1937இல் வந்தது 'ஐசிங்' விதி. இன்றைய வடிவம் இது: களத்தின் நடுச் சிவப்புக் கோட்டுக்கு உன் பக்கத்தில் இருந்துகொண்டு, எவர் மேலும் படாமல் எதிரணிக் கோல் கோட்டைத் தாண்டி பக்கை அடித்தால் ஆட்டம் நிற்கும், பக்கை மீண்டும் உன் கோல் அருகே கொண்டுவந்து ஆட்டம் தொடங்கும். தப்பிக்கத் தள்ளிய ஆபத்து உன் வாசலுக்கே திரும்பி வந்துவிடும். 2005இலிருந்து இன்னொரு சுருக்கும் சேர்ந்தது. ஐசிங் செய்த அணி அப்போது ஆள் மாற்ற முடியாது. மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் அதே ஐந்து பேர்தான் நிற்க வேண்டும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஆஃப்சைடு விதி முன்கூட்டியே போய் நிற்பவனைத் தடுக்கிறது, ஐசிங் விதி பக்கைத் தூர எறிந்து நேரம் கடத்துபவனைத் தடுக்கிறது. ஒன்று ஆளுக்கு, மற்றது பக்குக்கு. இந்த இரண்டும் தெரிந்தாலே நடுவர் ஊதும் விசில்களில் பல ஏன் என்று தெரிந்துவிடும். ஐசிங்குக்கு முக்கியமான விலக்கு ஒன்று உண்டு. அது அடுத்த பகுதியோடு சேர்ந்தது.

பவர் பிளே: 44 நொடிகளில் மாறிய விதி

கபடியில் ஒருவர் அவுட் ஆனால் வெளியே போய் உட்காருவார். தன் அணி புள்ளி எடுத்தால்தான் அவர் உள்ளே வர முடியும். ஐஸ் ஹாக்கியிலும் தப்பு செய்தவர் வெளியே போய் உட்கார வேண்டும். தனியாக ஒரு கூண்டு இருக்கும், பெயர் தண்டனைப் பெட்டி. எதிரியின் காலை இடறிவிடுவது, மட்டையால் கொக்கி போட்டு இழுப்பது போன்ற சிறு குற்றங்களுக்கு 2 நிமிடம். அவருக்குப் பதில் ஆள் கிடையாது. ஐந்துக்கு நான்காக ஆட வேண்டும். இந்த இரண்டு நிமிடம் எதிரணிக்குக் கிடைக்கும் வாய்ப்புத்தான் 'பவர் பிளே'. கிரிக்கெட்டில் இதே சொல் வேறு பொருளில் வருவதால் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே அது ஆள் பலம். ஆள் குறைந்த அணிக்கு மட்டும் பக்கைத் தூரத் தள்ள அனுமதி உண்டு, ஐசிங் ஆகாது. அதுதான் மேலே சொன்ன விலக்கு.

இப்போது முக்கியமான கேள்வி. அந்த இரண்டு நிமிடத்துக்குள் எதிரணி கோல் போட்டுவிட்டால்? இன்றைய விதிப்படி தண்டனை அந்த நொடியே முடிந்தது, பெட்டியில் இருப்பவர் வெளியே வந்துவிடலாம். கபடிக்கு நேர் தலைகீழ்: அங்கே தன் அணி புள்ளி எடுத்தால் விடுதலை, இங்கே எதிரணி கோல் போட்டால் விடுதலை. குற்றத்துக்கு விலை ஒரு கோல், கொடுத்தாகிவிட்டது, போய் ஆடு என்பதுதான் இதன் தர்க்கம்.

1956 வரை இப்படி இல்லை. எத்தனை கோல் விழுந்தாலும் முழு இரண்டு நிமிடமும் உட்கார்ந்தே ஆக வேண்டும். அதில் ஒன்றும் பெரிய ஆபத்து இருப்பதாக எவருக்கும் தோன்றவில்லை, மாண்ட்ரியல் கனேடியன்ஸ் வரும்வரை. ஐம்பதுகளின் நடுவில் அந்த அணியின் பவர் பிளேயில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள்: ஜீன் பெலிவோ, 1944-45இல் 50 ஆட்டத்தில் 50 கோல் போட்ட மோரிஸ் ரிச்சர்ட், பக்கை இடிபோல அடிக்கும் பெர்னி ஜெஃப்ரியான், பின்னாலிருந்து ஆட்டத்தையே நடத்தும் டக் ஹார்வி. எதிரணியில் ஒருவர் பெட்டிக்குள் போனால் போதும், இவர்கள் வட்டம் கட்டிவிடுவார்கள்.

1955 நவம்பர் 5, மாண்ட்ரியல். எதிரணி பாஸ்டன் புருயின்ஸ். பாஸ்டன் ஆட்டக்காரர்கள் இருவர் ஒரே நேரத்தில் தண்டனைப் பெட்டியில். ஐந்துக்கு மூன்று. கோலில் நிற்பவர் லேசுப்பட்டவர் இல்லை, டெர்ரி சாச்சுக். பெலிவோ ஒரு கோல் போட்டார். இன்றைய விதியாக இருந்தால் ஒருவர் வெளியே வந்திருப்பார். அன்று வரவில்லை. இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. மூன்று கோலும் 44 நொடிகளுக்குள். அந்த இருவரும் உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியாமல் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. ஆட்டம் 4-2, மாண்ட்ரியலின் நான்கு கோலும் பெலிவோ போட்டவை.

அந்த ஓர் இரவு மட்டுமே காரணம் என்று சொன்னால் அது கதை. பருவம் முழுக்க அவர்கள் இப்படித்தான் அடித்து நொறுக்கினார்கள், கோப்பையையும் எடுத்தார்கள். ஆனால் 44 நொடி என்பது எல்லோர் மனதிலும் நிற்கக்கூடிய அளவு. அடுத்த பருவத்திலிருந்து, சிறு தண்டனையில் ஒரு கோல் விழுந்தால் ஆள் திரும்பலாம் என்று விதி மாறியது. மாண்ட்ரியல் எதிர்த்துப் பார்த்தது, பலிக்கவில்லை. இதில் வேடிக்கை, விதி மாறிய பிறகும் அவர்கள் கோப்பையைத் தொடர்ந்து நான்கு முறை வென்றார்கள். 1956 முதல் 1960 வரை மொத்தம் ஐந்து. வேறெந்த அணியும் தொடர்ச்சியாக ஐந்து வென்றதில்லை.

பழைய விதியின் பயங்கரம் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஆசையா? அதற்கு ஒரு ஜன்னல் இன்னமும் திறந்திருக்கிறது. பெரிய குற்றத்துக்கு 5 நிமிடத் தண்டனை. அதில் எத்தனை கோல் விழுந்தாலும் முழுநேரமும் பெட்டிதான். 2019 ஏப்ரல் 23, சான் ஹோசே ஷார்க்ஸுக்கும் வேகாஸ் கோல்டன் நைட்ஸுக்கும் இடையே ஏழு ஆட்டத் தொடரின் வாழ்வா சாவா ஏழாவது ஆட்டம். கடைசிப் பகுதியில் பாதி ஓடிவிட்டது, வேகாஸ் 3-0 முன்னிலை. பக்கை எடுக்கும் போட்டியில் வேகாஸின் கோடி ஈக்கின் மட்டையால் தள்ள, சான் ஹோசே தலைவர் ஜோ பவெல்ஸ்கி விழுந்து தலையில் அடிபட்டு ரத்தம் கொட்டியது. நடுவர்கள் 5 நிமிடம் கொடுத்தார்கள்.

அந்த ஐந்து நிமிடத்துக்குள் சான் ஹோசே நான்கு கோல் போட்டது. மூன்று பின்தங்கியிருந்த அணி ஒன்று முன்னால் போய்விட்டது. வேகாஸ் கடைசி நிமிடத்தில் சமன் செய்தது, கூடுதல் நேரத்தில் பார்க்லே குட்ரோ அடித்து 5-4 என்று முடித்தார். அவ்வளவு பெரிய தண்டனை அந்தத் தள்ளலுக்குத் தேவையில்லை என்று லீக்கே பின்னர் வேகாஸிடம் மன்னிப்புக் கேட்டது. அடுத்த பருவத்தில் வந்த புது விதி என்ன என்று இப்போது நீங்களே ஊகிக்கலாம்: இத்தகைய பெரிய தண்டனையைக் கொடுத்தால் நடுவர்கள் வீடியோவில் ஒருமுறை பார்த்துச் சரிபார்க்க வேண்டும்.

முகமூடி: விதியே இல்லாமல் மாறியது

எல்லா மாற்றமும் விதிப் புத்தகம் வழியாக வந்ததில்லை. கோல்கீப்பர்கள் முகமூடி அணிவது அப்படி. 1959 வரை உறைந்த ரப்பரை வெறும் முகத்தால் எதிர்கொள்வதுதான் வழக்கம். சாச்சுக்கின் முகத்தில் போட்ட தையல்களை நூற்றுக்கணக்கில் எண்ணுவார்கள். முன்பு கீழே விழுந்த நம் கிளின்ட் பெனடிக்ட்தான், 1930இல் மூக்கு உடைந்தபின், தோலால் ஆன முகமூடியைக் கொஞ்சநாள் போட்டுப் பார்த்தார். பார்வையை மறைக்கிறது என்று கழற்றிவிட்டார்.

1959 நவம்பர் 1, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். ரேஞ்சர்ஸின் ஆண்டி பாத்கேட் அடித்த பக், மாண்ட்ரியல் கோல்கீப்பர் ஜாக் பிளான்டின் முகத்தைக் கிழித்தது. உள்ளே கொண்டுபோய்த் தைத்தார்கள். அந்தக் காலத்தில் அணிகள் மாற்றுக் கோல்கீப்பரைக் கூட்டிக்கொண்டு வருவதில்லை. பிளான்ட் வந்தால்தான் ஆட்டம். பயிற்சியில் மட்டும் அவர் அணிந்துவந்த கண்ணாடியிழை முகமூடி ஒன்று இருந்தது. ஆட்டத்தில் அணியப் பயிற்சியாளர் டோ பிளேக் சம்மதித்ததே இல்லை. முகமூடி போட்டால் பயந்தவன் என்று பேர் வரும், பக் சரியாகத் தெரியாது. இதுதான் அன்றைய பொதுக்கருத்து. பிளான்ட் சொன்னது ஒன்றே: முகமூடி இல்லாமல் வரமாட்டேன். பிளேக்குக்கு வேறு வழி இல்லை. மாண்ட்ரியல் 3-1 என வென்றது.

காயம் ஆறியதும் கழற்றிவிட வேண்டும் என்பது பிளேக்கின் எதிர்பார்ப்பு. ஆனால் அணி தோற்கவே இல்லை; தோல்வியே இல்லாத 18 ஆட்டங்கள் ஓடின. ஜெயிக்கிற கோல்கீப்பரை எப்படிக் கோழை என்பது? 1960 மார்ச்சில் ஓர் ஆட்டத்துக்கு மட்டும் பயிற்சியாளர் பேச்சைக் கேட்டுக் கழற்றினார், 3-0 தோல்வி. மறுபடி மாட்டிக்கொண்டார், அவ்வளவுதான். பிற்பாடு பாஸ்டனின் ஜெர்ரி சீவர்ஸ் தன் வெள்ளை முகமூடியில் பக் பட்ட இடத்திலெல்லாம் கறுப்பு மையால் தையல் வரைந்துகொண்டார். முகமூடி இல்லாவிட்டால் இவ்வளவு தையல் என் முகத்தில் இருந்திருக்கும் என்று கணக்குக் காட்டுவது போல. அந்த முகமூடியின் படத்தைத் தேடிப் பாருங்கள்.

மற்ற ஆட்டக்காரர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமானது 1979இல்தான். அதுவும் புதிதாக லீக்கில் சேர்பவர்களுக்கு மட்டும். பழையவர்கள் வெறும் தலையோடு தொடரலாம். கடைசி வெறுந்தலை ஆட்டக்காரர் கிரெய்க் மக்டாவிஷ் 1997 வரை ஆடினார்.

கோலுக்கு முன்னால் ஒரு நீலத் திட்டு

கோலுக்கு முன்னால் பனியில் நீலமாக ஓர் அரைவட்டம் தெரியும். கிரிக்கெட் போலவே இதற்கும் பெயர் 'கிரீஸ்'. கோல்கீப்பரின் வீடு. தொண்ணூறுகளில் இங்கே விதி ரொம்பக் கறாராக இருந்தது: பக் உள்ளே வரும் முன் எதிரணிக்காரரின் ஒரு கால் கிரீஸுக்குள் இருந்தாலும் கோல் செல்லாது. பருவம் முழுக்க வீடியோவைப் பார்த்துப் பார்த்துக் கோல்களை ரத்து செய்தார்கள்.

1999 ஸ்டான்லி கோப்பை இறுதி, ஆறாவது ஆட்டம், பஃபலோ நகரம். மூன்றாவது கூடுதல் நேரம், நள்ளிரவும் தாண்டிவிட்டது. டல்லஸின் பிரெட் ஹல் அடித்த பக், பஃபலோ கோல்கீப்பர் டொமினிக் ஹாசெக்கைத் தாண்டி உள்ளே போனது. கோப்பை டல்லஸுக்கு. கொண்டாட்டம் தொடங்கிய பிறகுதான் எல்லோரும் வீடியோவில் கவனித்தார்கள்: ஹல்லின் ஒரு கால் கிரீஸுக்குள். பக்கின் கட்டுப்பாடு அவரிடமே இருந்ததால் செல்லும் என்று லீக் விளக்கம் சொன்னது. விதியின் எழுத்துப்படி அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அதுவரை பார்த்து வந்ததற்கும் இதற்கும் பொருந்தவில்லை என்ற கோபம் இன்றுவரை ஆறவில்லை. 'நோ கோல்' என்ற இரண்டு சொல் பஃபலோவில் ஒரு காயத்தின் பெயர். அடுத்த பருவத்தில் அந்த விதியையே தூக்கிவிட்டார்கள்.

இதே கிரீஸ் முன்னால் நடந்த இன்னொன்று, விதி பிறக்கும் வேகத்தில் சாதனை. 2008 ஏப்ரல் 13. ரேஞ்சர்ஸின் ஷான் ஏவரி, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, நியூ ஜெர்சி கோல்கீப்பர் மார்ட்டின் புரோடரின் முகத்துக்கு நேராகக் கையையும் மட்டையையும் ஆட்டிக்கொண்டே இருந்தார். பள்ளிக்கூடப் பையன் தம்பியைச் சீண்டுவது போல. கோல்கீப்பரின் பார்வையை மறைத்து நிற்பது சகஜம்தான், ஆனால் திரும்பி நின்று டான்ஸ் ஆடக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. ஏனென்றால் அப்படி ஒருவர் செய்வார் என்று எவரும் நினைக்கவில்லை. மறுநாளே லீக் அறிவித்துவிட்டது: இனி இதற்கும் தண்டனை.

சரி, அந்தச் சண்டை?

தொடக்கத்தில் சொன்ன எண்ணத்துக்கு வருவோம். சண்டை உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அதற்கும் 1922லிருந்தே விதி இருக்கிறது: கையுறையைக் கழற்றிக் குத்திக்கொண்டால் 5 நிமிடம் பெட்டி. மற்ற விளையாட்டுகள் பலவற்றில் வெளியே துரத்திவிடுவார்கள், இங்கே உட்கார வைத்துவிட்டுத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். இரண்டு பேருமே உட்காருவதால் பொதுவாக எந்த அணிக்கும் ஆள் பலம் கூடுவதில்லை. அதனால்தான் சண்டைக்குப் பின் பவர் பிளே வராமல் ஆட்டம் ஐந்துக்கு ஐந்தாகத் தொடர்கிறது. எழுபது, எண்பதுகளைவிட இப்போது சண்டைகள் மிகவும் குறைந்துவிட்டன. ஐஸ் ஹாக்கி பற்றி எழுதுபவர்கள் இந்தப் பகுதிக்கு அதிக இடம் கொடுப்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு ருசி இல்லை.

ஒரு கோலைச் சேர்ந்து பார்ப்போம்

இப்போது ஒரு தருணத்தை எடுத்து, தெரிந்துகொண்ட சொற்களை வைத்துப் பார்க்கலாம். வேய்ன் கிரெட்ஸ்கி 1999இல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 894 கோல். எவராலும் தாண்ட முடியாது என்று அதை எழுதியே வைத்துவிட்டார்கள். 2025 ஏப்ரல் 6, நியூயார்க் ஐலண்டர்ஸ் அரங்கம். வாஷிங்டன் கேபிடல்ஸின் அலெக்சாண்டர் ஓவெச்கினுக்கு வயது 39, கோல் 894.

இரண்டாம் பகுதி. ஐலண்டர்ஸ் ஆட்டக்காரர் ஒருவர் தண்டனைப் பெட்டியில். ஐந்துக்கு நான்கு, பவர் பிளே. ஓவெச்கின் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள்: எதிரணிப் பகுதியில் பனியில் வரைந்திருக்கும் இடது வட்டத்துக்குள், இருபது வருஷமாக அவர் நின்றுவரும் அதே இடம். அவர் அங்கே நிற்பார் என்பது அரங்கத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். ஐலண்டர்ஸுக்கும் தெரியும். ஆனால் அவர்களிடம் இருப்பது நான்கு பேர். டாம் வில்சனிடமிருந்து பாஸ் வருகிறது, ஓவெச்கின் அடிக்கிறார், பக் ஐலண்டர்ஸ் கோல்கீப்பர் இலியா சொரோக்கினைத் தாண்டி வலைக்குள். 895. மனிதர் நெஞ்சும் வயிறும் பனியில் படக் குப்புற விழுந்து நீச்சலடிப்பது போலச் சறுக்கிக்கொண்டு போனார். ஆட்டத்தை நிறுத்தி விழா எடுத்தார்கள்; கிரெட்ஸ்கியே நேரில் வந்திருந்தார்.

அந்த ஆரவாரத்தில் யார் கண்ணிலும் படாத ஒருவர் தண்டனைப் பெட்டியில் இருந்தார், அவருடைய தண்டனையும் அந்தக் கோலோடு முடிந்திருந்தது. 1956க்கு முன்னால் என்றால், விழா முடிந்து ஆட்டம் தொடங்கிய பிறகு மிச்ச நொடிகளையும் அவர் உட்கார்ந்தே கழித்திருக்க வேண்டும்.